ஒரே கேன் தண்ணீர்

பெந்தியு முகாம். எட்டாம் வரிசை, மூன்றாம் கூடாரம்.
சுற்றிலும் வெள்ளம், நடுவில் மண்கரை.
கரைக்கு அப்பால் நாங்கள் மாடு மேய்த்த நிலத்தில்
இப்போது அல்லி பூத்துக் கிடக்கிறது.
மழை நின்ற வாரம்
கழிப்பறைக் குழிகள் நிரம்பி
குழாயடிவரை நடந்து வந்தன.

கட்வெச்சும் அவன் மனைவி ஞாலுவாக்கும்
ஒரே கேனில்தான் மொண்டு குடித்தார்கள்.
முதலில் குடித்தவன் அவன்.

அவனுக்குக் காய்ச்சல். சோற்றைக் கண்டால் குமட்டல்.
தேநீர் நிறத்தில் சிறுநீர்.
பத்து நாள் படுத்தான்.
பதினோராம் நாள் வாசலில் உட்கார்ந்து
மீன்வலையின் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான்.

அவளுக்கு எட்டு மாதம்.
செவ்வாய், தலைவலி.
புதன், கண்ணில் மஞ்சள்.
வியாழன் இரவு முழுக்கக் கை நடுக்கம்.
வெள்ளி காலை
என்னைத் தன் பசுவின் பெயரால் அழைத்தாள்.
பால் கறக்க நேரமாகிறது என்றாள்.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சளாம்.
அவள் கண்ணுக்கு என்ன தெரிந்ததோ.
எனக்குத்தான் அன்று
கேன் மஞ்சள்,
தார்ப்பாயில் வழிந்த வெயில் மஞ்சள்,
கழற்றிப் போட்ட என் கையுறையும்.

குழந்தை அவளுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போயிற்று.

கம்பாலாவிலிருந்து வந்த டாக்டர் நாக்கிமேராவிடம் கேட்டேன்:
அதே தண்ணீர், அதே கிருமி,
அவனை விட்டுவிட்டு இவளை ஏன்?

"வயிற்றில் வளர்வது பாதி அவள், பாதி அவன்.
அந்தப் பாதியை அந்நியன் என்று விரட்டாமலிருக்க
உடம்பு தன் காவலுக்கு
வேறு கட்டளை போடுகிறது."

அப்படியானால் காவல் தூங்கிவிட்டதா?

"இல்லை. அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.
சில வாசலில் குரலைத் தாழ்த்துகிறது,
சில வாசலில் முன்னைவிட உரக்கக் கத்துகிறது.
ஈரலைத் தின்றது கிருமியா,
பிந்தி வந்து கண்மண் தெரியாமல் அடித்த
காவலின் தடியா,
முழுசாகத் தெரியாது."

தெரியாது என்று சொல்லிவிட்டு
இரண்டாம் முறை கை கழுவினாள்.
அதற்காகவே அவளை எனக்குப் பிடித்தது.

பதினேழு வருடமாகப் பிள்ளைப்பேறு பார்க்கிறேன்.
இரண்டு உயிருக்குச் சாப்பிடு என்று
எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்,
நிவாரண மூட்டையில் சோளம் தீர்ந்த நாளிலும்.
இரண்டு உயிருக்கும் ஒரே கதவு என்று
ஒருத்தியிடமும் சொன்னதில்லை.
எனக்கே தெரியாது.

பிறகு தடுப்பூசி வந்தது, குளிர்ப்பெட்டியில்.
மூன்று தவணை.
வரிசையில் நின்ற ஞாபியெல், ஆறு மாதம்,
சட்டைக் கையைச் சுருட்டியபடி கேட்டாள்:
"இது சொல்வதை என் உடம்பு கேட்குமா?"
கேட்கும் என்றேன்.
அதுவும் சேர்த்துக் கற்றுக்கொள்ளும்,
கற்றதில் கொஞ்சம் உள்ளே இருப்பதற்கும் கொடுக்கும்.
சொன்னபோது பாதி நம்பிக்கை.
ஊசி ஏறும்போது அவள் முகம் சுளித்தாள்,
வயிற்றில் அது உதைத்தது.
மீதியை அங்கிருந்து எடுத்துக்கொண்டேன்.

கட்வெச் இப்போது குழாயடியில் இருக்கிறான்.
யாரும் வேலைக்கு வைக்கவில்லை, தானாக வந்தான்.
ஒவ்வொரு கேனிலும்
ஊசியில்லாத சிரிஞ்சால்
குளோரின் விடுகிறான்.
மருந்து எல்லோருக்கும் ஒரே அளவு.
ஆனால் வயிறு தள்ளிய பெண் வந்தால்
மூடியைத் தன் கையில் வாங்கி வைத்துக்கொள்கிறான்.
அரை மணி நேரம். அதற்கு முன் தர மாட்டான்.
அவர்கள் திட்டுகிறார்கள், சிரிக்கிறார்கள்,
வெயிலில் கேன் மேலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அவனிடம் கடிகாரம் இல்லை.
நான் கடந்து போகும் ஒவ்வொரு முறையும்
மணி என்ன என்று கேட்கிறான்.
நின்று, சரியாகப் பார்த்து,
நிமிடம்வரை சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.